பெட்டியைத் திறக்க வைக்கிற மரம்

மரக் கிளாரினெட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று, கால் மணி நேரம் நான் அதை ஊதவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த மரம், ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பியதும் அடர்ந்த பழுப்பாக மாறியது. பழுப்புக்குள் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய ரேகைகள் நீளவாட்டில் ஓடின. சாவிகளின் வெள்ளி முலாம், விரல் படுகிற இடங்களில் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது. முன்பு அதை வாசித்தவரின் விரல்கள் எங்கெங்கே அழுந்தின என்று அந்த மங்கலைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூக்கருகே கொண்டுபோனேன். பழைய மரத்தின் வாசனையும் கார்க்கில் தடவும் மசகின் வாசனையும் கலந்து வந்தது.

விற்க வந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். "ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார். அது அவருடைய அப்பாவின் கிளாரினெட். அப்பா இறந்த பிறகு பல வருடங்களாகப் பரணில் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. "எடுத்தா ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து திறக்கவே மாட்டோம்" என்றார். நான் வாசிப்பதற்கு முன்பே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம், "நாதத்துக்காகத்தான் மரத்துக்கு மாறினேன்" என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. அந்தக் கணக்கை நேர் செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் பிளாஸ்டிக் கிளாரினெட்டில்தான் வாசித்தேன். ஏ.பி.எஸ். என்கிற வகைப் பிளாஸ்டிக். குழந்தைகள் அடுக்கி விளையாடுகிற லெகோ கட்டைகளும் அதே பொருளில்தான் செய்யப்படுகின்றன. அந்த ஒன்பது வருடத்தில் அது ஒரு முறை மாடிப்படியில் உருண்டது. ஒரு சாவி வளைந்தது, அவ்வளவுதான். வெயிலில் வாசித்திருக்கிறேன், பனியில் வாசித்திருக்கிறேன், தூறலில் நனைந்தபடி வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்து உள்ளே துடைக்காமல் பெட்டியில் போட்ட நாட்களும் உண்டு. ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த நாளும் அதே சுருதியில் பாடியது. கற்றுக்கொள்கிறவருக்கு இப்படி ஒரு கருவி கிடைப்பது பெரிய விஷயம். முதல் சுரத்திலிருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் கற்றதுதான். அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு இன்றைக்கும் எனக்கு ஒத்துப்போகாது.

சரி, மரத்தில் நாதம் நன்றாக இருக்குமா, இல்லையா?

கிளாரினெட்டில் உண்மையில் அதிர்வது எது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீணையிலும் வயலினிலும் மரம் அதிர்கிறது. தந்தியின் அதிர்வைப் பலகை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. அங்கே மரம் மாறினால் ஒலி மாறும் என்பதில் நியாயம் இருக்கிறது. கிளாரினெட்டில் அதிர்வது குழலுக்குள் இருக்கிற காற்று. வாயில் வைத்து ஊதுகிற முனைதான் மவுத்பீஸ். அதன் மேல் கட்டியிருக்கிற ரீட் என்கிற மெல்லிய நாணல் பட்டை, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மவுத்பீஸின் திறப்பை மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்பில் உள்ளேயுள்ள காற்றுத்தூண் முன்னும் பின்னும் ஆடுகிறது. குழலின் சுவர் அந்தக் காற்றுக்கு எல்லை கட்டி நிற்கிறது. சுமார் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை, ஒரு முனை கிட்டத்தட்ட மூடியது, மறுமுனை திறந்தது. எந்தச் சுரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் கலந்து ஒலிக்கும். இந்த அமைப்பினால் அவற்றில் ஒற்றைப்படை மேற்சுரங்களே கீழ் ஸ்தாயியில் ஓங்கி ஒலிக்கின்றன. கிளாரினெட்டின் அந்தக் குடைந்தெடுத்த மாதிரியான ஆழ்ந்த குரலுக்கு அதுதான் காரணம். புல்லாங்குழலை அழுத்தி ஊதினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியைத் திறந்தால் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேலே ஒரு பஞ்சமமும் தாண்டிப்போய் நிற்கிறது. இதுவும் உருளை வடிவத்தின் வேலைதான். மரத்துக்கு இதில் பங்கு இல்லை.

ஜான் பேக்கஸ் என்கிற அமெரிக்க இயற்பியலாளர் 1964-இல் இதை அளந்தே பார்த்தார். வாசிக்கும்போது கிளாரினெட்டின் சுவர் அதிர்கிறதா? அதிர்கிறது, நாமே விரலில் உணர்கிறோமே. ஆனால் அந்த அதிர்வினால் வெளியே வரும் ஒலி, காற்றுத்தூணின் ஒலிக்கு முன்னால் எண்ணிக்கையில் சேர்க்க முடியாத அளவுக்குச் சிறியது என்று கண்டார். 1971-இல் ஜான் கோல்ட்மன் என்பவர் புல்லாங்குழலை வைத்துச் சோதித்தார். வெள்ளியில் ஒன்று, கனத்த செம்பில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று ஒரே உள்ளளவில் மூன்று குழல்கள். எதை வாசிக்கிறோம் என்று வாசிப்பவருக்கே தெரியாதபடி ஏற்பாடு செய்திருந்தார். கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை.

முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் காதுக்குக் கேட்கிறதே! மரத்தில் சுரம் உருண்டையாக, எண்ணெய் தடவினாற்போல வருகிறதே! ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கிவிட்டேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் இதைப் புலம்பியபோது அவர் சிரித்தார். "ரெண்டையும் எடுத்துட்டு வா. நான் சுவரைப் பார்த்து உக்காந்துக்கறேன்" என்றார்.

போனேன். ஒரே மவுத்பீஸ், ஒரே ரீட். இரண்டு கிளாரினெட்டிலும் அதையே மாற்றி மாற்றிப் பொருத்தினேன். நான்கு வரி மெட்டு ஒன்று, பன்னிரண்டு தடவை. எந்தத் தடவை எது என்பதை முன்கூட்டியே சீட்டு எடுத்து எழுதி வைத்துக்கொண்டேன். கருவி மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் மவுத்பீஸைக் கழற்றி மாட்டினேன், சத்தத்தில் துப்புக் கிடைத்துவிடக் கூடாது என்று. அவர் ஒரு தாளில் 'ம', 'பி' என்று குறித்துக்கொண்டே வந்தார். நாற்பது வருடம் இந்தக் கருவியோடு வாழ்ந்த காது அது.

பன்னிரண்டில் ஏழு சரி. காசு சுண்டிப் போட்டாலும் ஆறு வந்திருக்கும்.

தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம், "எது மரம்னு எனக்குத் தெரியலப்பா. ஆனா நாலாவதும் ஒன்பதாவதும் ரொம்ப நல்லா வாசிச்சே" என்றார். சீட்டைப் பார்த்தேன். நான்காவது மரம். ஒன்பதாவது பிளாஸ்டிக்.

இது பழுதில்லாத சோதனை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறுவேறு நிறுவனத்தின் கருவிகள், உள்ளளவும் நூலிழை வேறுபடும். பொருளை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் கோல்ட்மன் செய்த மாதிரிதான் செய்ய வேண்டும். ஆனாலும் அன்று எனக்கு ஒன்று விளங்கியது. வாசிக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு அது போய்ச் சேரவில்லை. என் உள்ளங்கையில் இருந்த எடையும், உதட்டுக்கும் பல்லுக்கும் வருகிற அதிர்வும், கண்ணுக்குத் தெரிந்த மரமும் சேர்ந்து என் காதுக்குள் ஒரு நாதத்தை உண்டாக்கியிருக்கின்றன. அது எனக்கு மட்டும் கேட்கிற நாதம்.

வயலின்காரர்களுக்கு இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. கிளாடியா ஃப்ரிட்ஸ் என்கிற ஆய்வாளரின் குழு, வெல்டிங் செய்கிறவர்கள் மாட்டுகிற கண்ணாடியை இருட்டாக்கி வயலின் கலைஞர்களுக்கு அணிவித்து, பழம்பெருமை வாய்ந்த ஸ்ட்ராடிவாரியஸ் வயலின்களையும் புதிதாகச் செய்த வயலின்களையும் கொடுத்து வாசிக்கச் சொன்னது. பலரும் விரும்பி எடுத்தது புதியதை. இந்த முடிவு 2012-இலும் 2014-இலும் வெளிவந்தபோது ஏற்க மனமில்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது.

அப்படியானால் விலையுயர்ந்த மரக் கிளாரினெட்டும் மலிவான பிளாஸ்டிக்கும் ஒன்றுதானா? இல்லை, இங்கேதான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கடையில் நாம் ஒப்பிடுவது மரத்தையும் பிளாஸ்டிக்கையும் இல்லை. கைவேலை நிறைந்த ஒரு கருவியையும் ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்த ஒரு கருவியையும் ஒப்பிடுகிறோம். நல்ல கிளாரினெட்டில் ஒவ்வொரு துளையின் உள்விளிம்பையும் கருவி செய்பவர் அடியிலிருந்து குடைந்து விரிக்கிறார். அந்த விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று அங்கே சுழன்று தடுமாறும். மழுங்கலாக இருந்தால் சுரம் தாராளமாக வெளியே வரும், சுருதியும் நேராகும். ஆர்தர் பெனேட் என்ற இயற்பியலாளர், அவரும் கிளாரினெட் வாசித்தவர்தான், இந்த விளிம்புகள் செய்கிற மாயத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உள்குழாய் எங்கே குறுகுகிறது, எங்கே விரிகிறது, சாவிகளின் அடியில் துளையை மூடுகிற மெத்தைகளான பேட்கள் எவ்வளவு இறுக்கமாக மூடுகின்றன, இதெல்லாம்தான் நாதம். இத்தனை வேலையும் வழக்கமாக மரத்துக்குத்தான் போகிறது. அதே வேலையைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்க முன்வருகிறவர்கள் குறைவு, வாங்குகிறவர் "பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்பார் என்பதால்.

டாம் ரைடனார் என்கிற அமெரிக்க வடிவமைப்பாளர் இதை மாற்றிப் பார்த்தார். லெப்ளாங் நிறுவனத்துக்காக உயர்தர மரக் கிளாரினெட்களை வடிவமைத்தவர், பிறகு எபொனைட்டுக்கு வந்தார். எபொனைட் என்பது ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திக் கெட்டியாக்கிய பொருள். வெடிக்காது, ஈரத்துக்கு உப்பாது, ஒருமுறை குடைந்த அளவு அப்படியே நிற்கும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மரமே உயர்த்தி என்று பேசுகிறவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. உலகத்தின் மிக உயர்ந்த மரக் கிளாரினெட்டை எடுங்கள். அதன் உச்சியில் இருக்கிற மவுத்பீஸ் பெரும்பாலும் எபொனைட். ஒலி பிறக்கிற இடமே அதுதான். ரீடிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்குள் நடக்கிற காரியம், கீழே இருக்கிற அறுபது சென்டிமீட்டரை விடப் பெரியது. என் மவுத்பீஸை ஒருமுறை ஜன்னலோர வெயிலில் மறந்து வைத்துவிட்டேன். மாலையில் எடுத்தால் கறுப்பு போய்ப் பச்சை கலந்த பழுப்பாகியிருந்தது, வாயில் வைத்ததும் கந்தக நெடி. ரப்பர் என்பதை அது தானே வந்து சொன்ன மாதிரி இருந்தது.

ஆக, நாதம் என்ற காரணம் கையை விட்டுப் போய்விட்டது. அப்படியும் மரத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். பதில் என் பயிற்சி நோட்டில் இருந்தது.

நான் வாசித்த நேரத்தை நோட்டில் குறித்து வைக்கிற ஆள். பிளாஸ்டிக் வருடங்களில் மாஸ்டரிடம் போவதற்கு முந்தின இரண்டு நாட்களில்தான் நேரம் ஏறியிருக்கும். மற்ற நாட்கள் காலி. மரம் வந்த பிறகு அப்படிக் காலியான நாள் அபூர்வம். அதிலும் நிறைய நாட்கள் வாசிக்க வேண்டும் என்று நான் பெட்டியைத் திறக்கவில்லை. பார்க்கலாம் என்று திறந்திருக்கிறேன். சாவியைத் துணியால் துடைக்கலாம் என்று எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டோமே, நான்கு துண்டையும் பொருத்தலாம். பொருத்திவிட்டோமே, ஒரு நீண்ட சுரம் ஊதலாம். கீழ் ஸ்தாயியில் ஒரே சுரத்தைப் பிடித்து மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெல்லத் தேய்த்து முடிப்பது, கிளாரினெட்டில் இதைவிடச் சலிப்பான பயிற்சியும் கிடையாது, இதைவிடப் பலனுள்ளதும் கிடையாது. கையில் இருந்த மரம் என்னை அந்தச் சலிப்பைத் தாண்ட வைத்தது. ஒரு வருடம் கழித்து மாஸ்டர், "உன் டோன் மாறியிருக்கு" என்றார். மாறியிருந்தது. மரம் என் நாதத்தை மாற்றியது இந்தச் சுற்றுவழியில்தான்.

அழகான கருவியை விரும்புவதற்கு ஏன் வேறு காரணம் தேட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அழகாக இருக்கிறது, அதனால் பிடிக்கிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் எல்லோரும் நாதம், அதிர்வு, இழை என்று காரணம் அடுக்குகிறோம். நானும் அடுக்கினேன். அழகு என்றால் பார்வை மட்டுமில்லை. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது கார்க் கொடுக்கிற மெத்தென்ற எதிர்ப்பு, சாவியை விட்டதும் அது எழும்பி வருகிற சத்தமில்லாத துள்ளல், குளிர்காலக் காலையில் கையில் எடுத்ததும் சில்லென்று இருந்து சில நிமிடங்களில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிற மரம். இதெல்லாம் சேர்ந்ததுதான்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கிளாரினெட் கறுப்பே இல்லை. 1700-ஐ ஒட்டிய வருடங்களில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் இந்தக் கருவிக்கு உருக்கொடுத்தார். அன்றும், அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேலும், கிளாரினெட் என்றால் பெரும்பாலும் பாக்ஸ்வுட் என்கிற மரம். தேன் நிறத்தில் மஞ்சளாக இருக்கும், இணைப்புகளில் தந்தத்தால் வளையம் போட்டிருப்பார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் கடைசிக் காலத்துக் கிளாரினெட் படைப்புகளை எழுதத் தூண்டுதலாக இருந்த கிளாரினெட் கலைஞர் ரிச்சர்ட் மியூல்ஃபெல்ட் வாசித்ததும் பாக்ஸ்வுட்தான். 1891-இல் பிராம்ஸ் கேட்டு மயங்கியது அந்த மஞ்சள் மரத்தின் கிளாரினெட்டை. ஆக, கறுப்பு மரத்தில்தான் உண்மையான கிளாரினெட் நாதம் என்கிற பேச்சுக்கு வரலாற்றில் இடமில்லை.

சாவிகள் பெருகப் பெருக, அவற்றின் தூண்களைத் திருகி நிறுத்தக் கெட்டியான மரம் தேவைப்பட்டது. பாக்ஸ்வுட் ஈரத்தில் வளையும். கிரெனடில்லா என்கிற கறுப்பு மரம் உள்ளே வந்தது. பலரும் இதைக் கருங்காலி என்று நினைக்கிறார்கள். நிறத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது ஈட்டி மரத்தின் பங்காளி, இரண்டும் டால்பெர்ஜியா என்கிற ஒரே பேரினம். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்கிறது. சுவாஹிலியில் இதற்கு ம்பிங்கோ என்று பெயர். தான்சானியாவின் தேசிய மரமும் இதுதான். அந்தப் பக்கத்து மகோண்டே சிற்பிகள் செதுக்குவதும் இதே மரத்தில்தான். மரம் என்றால் மிதக்கும் என்பதுதானே நம் எண்ணம், இது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். கோணல்மாணலாக, முள்ளோடு, மெதுவாக வளர்கிற மரம். வெட்டுவதற்கு ஏற்ற பருமனை எட்ட 70 முதல் 100 வருடம் ஆகும் என்கிறார்கள். வெளிப்புறம் வெளிர்மஞ்சள், நடுவிலுள்ள வைரம் மட்டுமே கறுப்பு. முடிச்சும் வெடிப்பும் போக நேரான துண்டு கிடைப்பது கொஞ்சம்தான், மீதி பெரும்பகுதி கழிவு. கிடைத்ததையும் வருடக்கணக்கில் காயப்போட்டுத்தான் கடைசலுக்கு எடுக்கிறார்கள். கடைகிற தூள் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை கொடுக்கும்.

கடையில் பார்க்கிற பல மரக் கிளாரினெட்கள் அட்டைக் கறுப்பாக, ரேகையே தெரியாமல் இருக்கும். சாயம் பூசியிருக்கிறார்கள். எல்லாக் கருவியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, நூறு வருடத்து ரேகையை மூடிவிடுகிறார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. சாயம் பூசிய மரத்தையும் நல்ல பிளாஸ்டிக்கையும் மேடையிலிருந்து பத்தடி தள்ளிப் பிரித்தறிய முடியாது. பிளாஸ்டிக்கோ மரத்தைப் போலத் தெரிய வேண்டும் என்று மங்கலாக உரசி, இழைக் கோடு போட்டு வருகிறது. ஒன்று மற்றொன்றைப் போல வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு அதது அததன் நிறத்தில் இருந்தால் இரண்டுமே இன்னும் அழகாக இருக்கும்.

2017 ஜனவரியில், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தம் டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எல்லை தாண்டிக் கிளாரினெட் விற்கவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் உதிரிபாகங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். மரத்துக்கான கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. இருக்கவும் வேண்டும். பஃபே கிராம்பன் நிறுவனம் 1990களிலிருந்தே கடைசலில் விழுகிற கிரெனடில்லா தூளைப் பிசினும் கார்பன் இழையும் சேர்த்து அழுத்தி, கிரீன்லைன் என்ற பெயரில் கிளாரினெட் செய்கிறது. அது மரமா, பிளாஸ்டிக்கா? தூளாகப் பார்த்தால் மரம், வெடிக்காது என்று பார்த்தால் பிளாஸ்டிக். இசைக்குழுக்களில் வாசிக்கிறவர்களே அதை வைத்திருக்கிறார்கள்.

வெடிப்பு என்றதும் என் கதைக்கு வர வேண்டும்.

வாங்கிய மூன்றாவது வாரம். குளிரான ஒரு காலை, விடுமுறை. ஆசை தீர இரண்டு மணி நேரம் வாசித்தேன். நடுவில் எங்கோ கீழ் ஸ்தாயி மெலிந்தது. ரீட் நனைந்து கனத்துவிட்டது என்று மாற்றினேன். சரியாகவில்லை. பேட் ஏதாவது ஈரத்தில் ஒட்டுகிறதா என்று சிகரெட் தாளை வைத்து ஒற்றிப் பார்த்தேன். இல்லை. மேல் துண்டைத் தனியாகக் கழற்றி, இடது கை விரல்களால் துளைகளை மூடி, அடி முனையை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, மேல் முனையில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சினேன். நல்ல கருவியென்றால் உள்ளே வெற்றிடம் நின்று, உள்ளங்கையை எடுத்ததும் 'டப்' என்று கேட்கும். வாங்கிய அன்று கேட்டது. இப்போது 'ஸ்ஸ்' என்று எங்கோ கசிந்தது.

டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உச்சியில், அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவுகிற டிரில் சாவிகளின் இரண்டு துளைகளுக்கு நடுவில், தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுக்கப் போனேன். வரவில்லை. அது முடி இல்லை.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது என்ன என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். நம் மூச்சு உடம்புச் சூட்டில், முழு ஈரத்தோடு உள்ளே போகிறது. குழலின் உட்புறம் ஈரத்தைக் குடித்து உப்பப் பார்க்கிறது. வெளிப்புறம் காய்ந்து, குளிர்ந்து அப்படியே இறுகி நிற்கிறது. உள்ளேயிருந்து தள்ளுகிற விசையைத் தாங்க முடியாத இடத்தில் மரம் இழை போன போக்கில் பிளக்கிறது. வாய்க்குப் பக்கத்தில் இருப்பதாலும் துளைகள் நெருங்கியிருப்பதாலும் மேல் துண்டுதான் பெரும்பாலும் அகப்படும். புதுக் கிளாரினெட்டை முதல் சில வாரங்கள் தினம் 15, 20 நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது இதனால்தான். "என்னது பழசாச்சே" என்றேன். "பல வருஷமா பூட்டிக் கிடந்த மரமும் புது மரமும் ஒண்ணுதான் சார். எடுத்த எடுப்புல ரெண்டு மணி நேரம் ஊதினா எப்படித் தாங்கும்?" என்றார். குரலில் கடுமை இல்லை. இதே தவறைச் செய்துவிட்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருப்பார்.

பிளவுக்குள் மெல்லிய பசையை இறக்கி, அதே வகை மரத்தின் தூளை மேலே தூவி, இழைத்து, மெருகிட்டுக் கொடுத்தார். பிளவு பெரிதாக இருந்தால் குறுக்கே உலோகத் திருகு ஊசி இறக்கித் தைத்திருப்பாராம். உறிஞ்சிப் பார்த்தேன். 'டப்'. ஆறு வருடமாகிறது, இன்னும் கசியவில்லை. நாதத்தில் எந்தக் குறையும் இல்லை. தடவிப் பார்த்தால் மட்டும் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும்.

இப்போது திறந்த வெளியில் வாசிக்க வேண்டியிருந்தால் பழைய பிளாஸ்டிக்கைத்தான் எடுத்துப் போகிறேன். குளிர்ந்தால் இரண்டுக்கும் சுருதி ஒரேபோல இறங்கும், அது காற்றின் குணம். ஆனால் ஒன்று வெடிக்கும், மற்றொன்று வெடிக்காது. பிளாஸ்டிக் என்று இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1953 மே மாதம் கனடாவின் டொராண்டோ நகரத்து மாஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவை இன்றைக்கும் உலகம் தேடிக் கேட்கிறது. சார்லி பார்க்கரின் மூச்சு அதில் அப்படியே இருக்கிறது.

அழகு மரத்தில் மட்டும் இருக்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. மாஸ்டரிடம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடையது வெள்ளைப் பிளாஸ்டிக் கிளாரினெட், சாவிகள் நீலம். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் துணியில் பொதிந்து வைத்திருப்பதை அவிழ்த்து, என் பக்கம் நீட்டி, "அங்கிள், என்னோடத பார்த்தீங்களா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பாள். பெரியவளானதும் மரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளிடம் யாரோ சொல்ல, முகம் சுருங்கிவிட்டது. அப்படிச் சொன்னது பெரிய தவறு என்று நினைக்கிறேன். தினமும் அவளைப் பெட்டியைத் திறக்க வைப்பது அந்த வெள்ளையும் நீலமும்தான்.

எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். துளைகளும் பேட்களும் சரியாக மூடுகிறதா பாருங்கள், சுருதி நேராக இருக்கிறதா பாருங்கள், கையில் இருக்கிற பணத்தில் மவுத்பீஸுக்கும் ரீடுக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், அப்புறம் எது அழகாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். மரம் என்றால் தினமும் உள்ளே துடைக்கிற பொறுமை வேண்டும், வெயிலிலும் குளிரிலும் விட்டுவைக்கக் கூடாது. ஆனால் வெடித்துவிடுமோ என்று பயந்து பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள். என்னுடையது வெடித்ததே அப்படிப் பூட்டி வைத்ததன் கடைசிப் பலன்தான்.

எனக்கு விற்றவர் போன மாதம் அழைத்திருந்தார். அப்பாவின் கிளாரினெட் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெடித்ததைச் சொன்னேன், ஒட்டியதைச் சொன்னேன், தினமும் வாசிப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார். போனை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மெட்டு வாசித்தேன். முடித்துப் போனை எடுத்தபோது, "அப்பா ரெண்டு வீடு தள்ளிக் கேக்கற மாதிரி வாசிப்பாரு. நீங்க மெதுவா வாசிக்கறீங்க" என்றார்.

அன்று இரவு துடைக்கும்போது வலது சுண்டுவிரல் சாவியைக் கவனித்தேன். சாவியின் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். முலாம் தேய்ந்தால் அந்த மஞ்சள் கலந்த வெண்மை எட்டிப் பார்க்கும். அந்த அப்பாவின் விரல் சாவியின் வெளியோரத்தில் அழுந்தியிருக்கிறது, தேய்மானம் முழுக்க அங்கேதான். எனக்கு விரல் குட்டை, நடுவில்தான் படும். வாங்கியபோது நடுவில் முலாம் புத்தம் புதிதாக மின்னியது. இப்போது அங்கேயும் வட்டமாக, மிளகளவுக்கு மங்கல் விழத் தொடங்கியிருக்கிறது.